பழைய கேசட்டுகளைக் கேட்கவும் காப்பாற்றவும்

கேசட்டின் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லிக் கொண்டாலும், பல வீடுகளில் பரண் மேலோ, பீரோவின் அடித் தட்டிலோ, பழைய பிஸ்கட் டின்னிலோ இருபது முப்பது கேசட்டுகள் இன்றும் கிடக்கின்றன. தூக்கிப் போட மனம் வராது. போட்டுக் கேட்கவும் முடியாது. ஏனென்றால் டேப் ரிக்கார்டர் எப்போதோ ஓடாமல் போயிருக்கும். அந்த டேப் ரிக்கார்டரை மீண்டும் ஓட வைத்து, கேசட்டைக் கேட்டு ரசித்து, அதிலுள்ளதைக் கம்ப்யூட்டருக்கும் மாற்றி வைப்பது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் கேசட்டுகளை இரண்டாகப் பிரியுங்கள். கடையில் வாங்கிய சினிமாப் பாட்டு, பக்திப் பாடல் கேசட்டுகள் ஒரு பக்கம். இவற்றில் பெரும்பாலானவை இணையத்தில் நல்ல தரத்திலேயே கிடைக்கின்றன. கேசட் பழுதானாலும் பாட்டு போய்விடாது. மறுபக்கம், வீட்டில் பதிவு செய்தவை. தாத்தா பேசியது, பாட்டி பாடிய தாலாட்டு, குழந்தையின் மழலை, கல்யாண நாதஸ்வரம், வளைகுடா நாட்டிலிருந்து கடிதத்திற்குப் பதிலாகப் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்பிய கேசட். சிலர் இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் நிகழ்ச்சிகளையும் ரேடியோ முன்னால் மைக் வைத்துப் பதிந்து வைத்திருப்பார்கள். இந்த இரண்டாவது குவியலுக்கு உலகில் வேறு பிரதி கிடையாது. வேலையை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் டேப் ரிக்கார்டரைச் சோதித்துப் பார்ப்பது முதல் குவியலிலுள்ள கேசட்டுகளை வைத்துத்தான். பழுதான இயந்திரத்தில் தாத்தாவின் குரலைப் போட்டுச் சோதிக்கக் கூடாது.

இன்னொன்றையும் இப்போதே செய்துவிடுங்கள். கேசட்டின் முதுகுப் பக்கம் இரு ஓரங்களிலும் சிறிய பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். அவற்றை உடைத்து எடுத்துவிட்டால் ரிக்கார்ட் பட்டன் அழுந்தாது. தவறிப் போய் அழித்துவிடும் அபாயம் இல்லை. (பிறகு எப்போதாவது அதில் பதிவு செய்ய வேண்டுமானால், அந்த ஓட்டை மேல் ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டினால் போதும்.)

உள்ளே என்ன இருக்கிறது?

கேசட்டை லூ ஆட்டன்ஸ் என்ற பொறியாளரின் தலைமையில் பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கி 1963-ல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. சோனியின் முதல் வாக்மேன் 1979-ல் வந்தது. உள்ளே இருக்கும் நாடாவின் அகலம் 3.81 மி.மீ. அது ஒரு விநாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஹெட்டைத் தேய்த்துக் கொண்டு ஓடுகிறது. மெல்லிய பிளாஸ்டிக் நாடாவின் மேல் இரும்பு ஆக்ஸைடு போன்ற காந்தப் பொடி ஒரு பசையில் கலந்து பூசப்பட்டிருக்கும். ஒலி அந்தப் பொடியில் காந்தப் பதிவாக இருக்கிறது. பசை கெட்டால் பொடி உதிரும். பொடி உதிர்ந்தால் ஒலியும் உதிரும். அதை எந்த சாப்ட்வேராலும் திரும்பக் கொண்டு வர முடியாது.

கேசட்டில் 60, 90, 120 என்று நிமிடக் கணக்கு போட்டிருக்கும். அதிக நேரம் ஓட வேண்டுமானால் அதே பெட்டிக்குள் அதிக நீள நாடாவை அடைக்க வேண்டும். அதற்கு நாடா மெலிய வேண்டும். 60 நிமிட நாடாவின் தடிமன் ஏறத்தாழ 18 மைக்ரான் என்றால் 120 நிமிட நாடா 9 மைக்ரான்தான். பாதி. டேப் ரிக்கார்டரில் சிக்கிக் கசங்குவது பெரும்பாலும் இதுதான். வீட்டில் 120 நிமிட கேசட் இருந்தால் அதை முன்னும் பின்னும் ஓட்டி விளையாடாமல், ஒரே முறை நன்றாக ஓட்டி கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள்.

டேப் ரிக்கார்டரை எழுப்புவோம்

பல ஆண்டுகள் சும்மா இருந்த டேப் ரிக்கார்டரில் முதலில் கெடுவது ரப்பர். மோட்டாரிலிருந்து சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கடத்தும் பெல்ட் தளர்ந்து போயிருக்கும், அல்லது உருகித் தார் போல ஒட்டிக் கொண்டிருக்கும். பவர் கொடுத்ததும் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டு, கேசட் மட்டும் ஓடவில்லை என்றால் பெல்ட் போய்விட்டது என்று அறியலாம். சென்னையில் ரிட்சி தெருப் பக்கமோ, உங்கள் ஊர் ரேடியோ மெக்கானிக்கிடமோ, ஆன்லைன் கடைகளிலோ பெல்ட் கிடைக்கும். உருகிய பெல்ட்டின் கறையைச் சக்கரங்களிலிருந்து முழுவதும் துடைத்து எடுத்த பிறகு, பெல்ட் ஓடும் பாதையை ஒரு நூலால் சுற்றி அளந்து, அதைவிட 5 சதவீதம் அளவுக்குக் குறைவான சுற்றளவுள்ள பெல்ட்டாகக் கேட்டு வாங்குங்கள். பணக்கட்டில் போடும் ரப்பர் பேண்டைப் போட்டு ஓட்டுபவர்கள் உண்டு. ஓடும், ஆனால் எஸ்.பி.பி. குரல்கூட நடுங்கும்.

அடுத்தது சுத்தம் செய்தல். கேசட் மூடியைத் திறந்து பிளே பட்டனை அழுத்தினால் மூன்று பாகங்களைப் பார்க்கலாம். பளபளப்பான உலோக ஹெட், அதன் பக்கத்தில் மெல்லிய கம்பி போல நிற்கும் கேப்ஸ்டன், அதை அழுத்திக் கொண்டு சுற்றும் கறுப்பு ரப்பர் உருளை. கேப்ஸ்டனும் உருளையும் சேர்ந்துதான் நாடாவைச் சீராக இழுக்கின்றன. உதிர்ந்த பழுப்புப் பொடி இந்த மூன்றிலும் அப்பியிருக்கும். ஹெட்டில் அப்பினால் ஒலி மங்கும், ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பேசும். உருளையில் அப்பினால் நாடா அதில் ஒட்டி உள்ளே சுற்றிக் கொள்ளும். டேப் ரிக்கார்டர் கேசட்டைத் தின்றுவிட்டது என்று சொல்கிறோமே, அதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த அழுக்குதான்.

காது குடையும் பஞ்சுக் குச்சியை ஐசோ புரொபைல் ஆல்கஹாலில் நனைத்து ஹெட்டையும் கேப்ஸ்டனையும் துடையுங்கள். செல்போன் பழுது பார்ப்பவர்கள் ஐ.பி.ஏ. என்ற பெயரில் இதை வைத்திருப்பார்கள். 99 சதவீதச் சுத்தம் என்று பார்த்து வாங்க வேண்டும். மருந்துக் கடை ஸ்பிரிட்டில் வேறு பொருட்களும் கலந்திருக்கலாம் என்பதால் அது வேண்டாம். பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் ஆகியவற்றைப் பக்கத்திலேயே கொண்டு வராதீர்கள். ரப்பர் உருளைக்கு மட்டும் சோப்புத் தண்ணீரில் லேசாக நனைத்த பஞ்சே போதும். துடைத்ததும் ஈரம் போக உலர விடுங்கள். குச்சியில் பழுப்பு நிறம் வராமல் போகும் வரை செய்ய வேண்டும். எட்டுப் பத்து குச்சிகள் செலவானால் வியப்படைய வேண்டாம். இதன் பிறகு தினமும் கேட்பவராக இருந்தால் மாதம் ஒரு முறை துடைத்தால் போதுமானது.

இப்போது முதல் குவியலில் ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டைப் போடுங்கள். வேகம் சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அதே பாட்டு டிஜிட்டலில் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று பார்த்து, கேசட்டில் ஓடும் நேரத்தைக் கடிகாரம் வைத்து ஒப்பிடுங்கள். 5 நிமிடப் பாட்டு 6 விநாடி தாமதமாக முடிந்தால் டேப் 2 சதவீதம் மெதுவாக ஓடுகிறது. பல மோட்டார்களின் பின்புறம் ஒரு சிறு துளைக்குள் வேகத்தைச் சரி செய்யும் திருகு இருக்கும். பழக்கமில்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங்குடன் இருக்கும் சிறு திருகு வேறு வேலைக்கு. அது ஹெட்டின் சாய்வை மாற்றுகிறது. பதிவு செய்த இயந்திரத்தின் ஹெட் சற்றே சாய்ந்திருந்தால், அந்தக் கேசட் உங்கள் இயந்திரத்தில் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல மங்கலாகக் கேட்கும். ஓடிக் கொண்டிருக்கும்போதே அந்தத் திருகை மிக மெல்ல, கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பினால் ஓர் இடத்தில் “ஸ்”, “ச்” ஒலிகள் பளிச்சென்று தெளியும். அங்கேயே நிறுத்திவிட்டுப் பதிவு செய்யலாம். முடிந்ததும் நல்ல கம்பெனிக் கேசட் ஒன்றைப் போட்டுத் திருகைப் பழைய இடத்திற்குக் கொண்டு வந்துவிட வேண்டும். என் அனுபவத்தில், வீட்டுப் பதிவுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு திருகினாலேயே புத்துயிர் பெற்றிருக்கின்றன. விலை கொடுத்து வாங்கும் எந்த சாப்ட்வேரும் இவ்வளவு செய்வதில்லை.

டேப் ரிக்கார்டரே இல்லாதவர்கள் என்ன செய்வது? யு.எஸ்.பி. பின்னுடன் குறைந்த விலையில் விற்கும் பாக்கெட் பிளேயர்கள் பல இருக்கின்றன. நான் பயன்படுத்திப் பார்த்தவற்றில் வேகம் ஒரே சீராக இல்லை. பழைய டெக் ஒன்றை வாங்கிப் பெல்ட் மாற்றுவதே மேல். புதிதாகத்தான் வேண்டும் என்றால் டாஸ்காம், டியாக் நிறுவனங்கள் 2020-களிலும் டெக்குகளை விற்றன. பியோ நிறுவனம் வாக்மேன் வடிவப் பிளேயர் ஒன்றை 2024-ல் கொண்டு வந்தது.

கேசட்டுக்கு வைத்தியம்

நாடா ஓடும் திறப்பின் நடுவில், ஒரு செம்புத் தகட்டின் மேல் சின்னஞ்சிறு பஞ்சுத் துண்டு இருக்கும். நாடாவை ஹெட்டின் மேல் அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது விழுந்துவிட்டால் ஒலி வந்து வந்து போகும். வேண்டாத கேசட் ஒன்றிலிருந்து தகட்டோடு எடுத்து மாற்றிவிடலாம். திருகுகள் உள்ள கேசட்டாக இருந்தால் இது ஐந்து நிமிட வேலை. திருகு இல்லாமல் ஒட்டப்பட்டதாக இருந்தால், ஓட்டை மெல்லப் பிளந்து, நாடாச் சுருள்கள் இரண்டையும் திருகு உள்ள வேறு ஓட்டுக்கு மாற்ற வேண்டும். வெள்ளைத் தாளை விரித்து, நல்ல வெளிச்சத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

அறுந்த நாடாவை செல்லோ டேப்பால் ஒட்டாதீர்கள். வெயில் காலத்தில் அதன் பசை கசிந்து அடுத்த சுற்றோடும், பிறகு ஹெட்டோடும் ஒட்டும். இதற்கென்றே ஸ்பிளைசிங் டேப் விற்கிறது. ஹெட்டைத் தொடாத உட்பக்கத்தில் ஒட்டி, ஓரங்களைச் சமமாக வெட்டிவிட வேண்டும்.

நம் ஊர் ஈரக் காற்றில், அதிலும் கடலோர ஊர்களில், பூஞ்சணம் பெரிய எதிரி. கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுருளின் மேல் வெள்ளைப் பொடி தெரியும். அந்தக் கேசட்டை அப்படியே ஓட்டினால் பொடி ஹெட்டில் ஏறி அடுத்த கேசட்டுக்கும் பரவும். முதலில் அதைத் தனியே எடுத்து, சிலிகா ஜெல் பைகளோடு ஒரு டப்பாவில் சில நாட்கள் மூடி வையுங்கள். பிறகு முகக் கவசம் அணிந்து, பென்சிலைப் பல் சக்கரத்தில் செருகிக் கையாலேயே சுற்றிக் கொண்டு, உலர்ந்த மெல்லிய துணியால் நாடாவை மிக லேசாகத் துடைத்து எடுக்க வேண்டும். வெயிலில் மட்டும் காய வைக்காதீர்கள்; நாடா சுருங்கி நெளிந்துவிடும்.

நெடுநாள் ஓடாத எந்தக் கேசட்டையும் பிளே செய்யும் முன், ஒரு முறை கடைசி வரை முன்னே ஓட்டிப் பின்னே கொண்டு வாருங்கள். இறுகிப் போன சுற்றுகள் தளர்ந்து கொடுக்கும்.

கம்ப்யூட்டருக்கு மாற்றுதல்

டெக்கின் பின்னால் லைன் அவுட் என்று சிவப்பு, வெள்ளைத் துளைகள் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். டூ-இன்-ஒன்னில் ஹெட்போன் துளைதான் இருக்கும்; வால்யூமைப் பாதியில் வைத்து அதிலிருந்தும் எடுக்கலாம். கம்ப்யூட்டர் பக்கத்தில்தான் கவனம் தேவை. டெஸ்க்டாப்பில் நீல நிற லைன் இன் துளை இருக்கும். லேப்டாப்பில் இருக்கும் ஒற்றைத் துளை ஹெட்செட்டுக்கானது. அதன் மைக் வழி மோனோ மட்டுமே, லைன் ஒலியைக் கொடுத்தால் கரகரக்கும். லேப்டாப் வைத்திருப்பவர்கள் ஸ்டீரியோ லைன் இன் உள்ள யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்பேஸ் வாங்க வேண்டும். பெரிங்கர் யு.சி.ஏ.202 போன்றவை இந்த வேலைக்குப் போதும். மிகக் குறைந்த விலை யு.எஸ்.பி. சவுண்ட் கார்டுகளில் பலவற்றில் மைக் துளை மட்டுமே இருக்கும். பார்த்து வாங்குங்கள்.

பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேர் போதும். இதனை அதன் சொந்த இணைய தளத்திலிருந்து மட்டும் டவுண்லோட் செய்திடுங்கள். இன்ஸ்டால் செய்ததும் ஆடியோ செட்அப் பட்டனை அழுத்தி, ரிக்கார்டிங் டிவைஸ் என்ற இடத்தில் உங்கள் இன்டர்பேஸைத் தேர்ந்தெடுத்து, சேனல்ஸ் என்பதில் ஸ்டீரியோவை அமைத்திடவும். விண்டோஸின் சவுண்ட் செட்டிங்ஸில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்பது இயங்கிக் கொண்டிருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் கேசட் இரைச்சலைக் குறைக்கிறேன் என்று அது குரலையும் சேர்த்து விழுங்கும். டெக்கில் டால்பி சுவிட்ச் இருந்தால் வீட்டுப் பதிவுகளுக்கு ஆப் செய்து வையுங்கள். நம் வீட்டு டூ-இன்-ஒன்களில் பெரும்பாலும் டால்பி கிடையாது.

கேசட்டின் சத்தமான பகுதியை ஓட்டிப் பார்த்து, லெவல் மீட்டர் மைனஸ் 6 டெசிபல் அளவைத் தொடும்படி வைத்துக் கொள்ளுங்கள். பிறகு தொடக்கத்திற்கு வந்து, ரிக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டு டெக்கை ஓட விடவும். 60 நிமிட கேசட்டுக்கு 60 நிமிடம் ஆகும். இதில் குறுக்கு வழி இல்லை. அந்த நேரத்தில் கூடவே உட்கார்ந்து கேளுங்கள். புதிய பேச்சோ பாட்டோ தொடங்கும் இடத்தில் கண்ட்ரோல் மற்றும் எம் கீகளை அழுத்தினால் ஒரு லேபிள் விழும். யார் குரல், என்ன பாட்டு என்று அதில் டைப் செய்திடலாம்.

வேகம் தவறிய பதிவுகள் பற்றித் தனியே சொல்ல வேண்டும். என் அப்பா 1980-களில் சவுதி அரேபியாவிலிருந்து பேசி அனுப்பிய கேசட் ஒன்றில் அவர் குரல் சற்று மெலிந்து, அவசரமாகக் கேட்கும். அவர் பதிவு செய்த டேப் ரிக்கார்டர் மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் போட்டால் குரல் ஏறிவிடுகிறது. எவ்வளவு மெதுவாக ஓடியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் கேசட்டிலேயே விடை இருந்தது. மின்சாரத்தில் ஓடும் கருவிகள் ஒரு மெல்லிய ரீங்காரத்தைப் பதிவில் விட்டுச் செல்கின்றன. இந்தியாவில் அது 50 ஹெர்ட்ஸ், சவுதியில் 60. ஆடாசிட்டியில் பேச்சில்லாத ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, அனலைஸ் மெனுவில் ப்ளாட் ஸ்பெக்ட்ரம் கிளிக் செய்து, சைஸ் என்ற இடத்தில் 65536 கொடுத்துப் பார்த்தேன். 50-ல் ஒரு முனை. அது என் டெக்கின் ரீங்காரம். பக்கத்தில் 63-ல் இன்னொரு முனை. 60 இருக்க வேண்டிய இடத்தில் 63 என்றால் 5 சதவீதம் வேகம் கூடுதல். எபெக்ட் மெனுவில் வேகத்தை மாற்றும் வசதியைத் திறந்து, 60-ஐ 63-ஆல் வகுத்து வரும் 0.952 என்ற எண்ணைக் கொடுத்ததும் குரல் அரை ஸ்வரம் அளவுக்கு இறங்கியது. அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். “இதுதான் அவர் பேசுற மாதிரி இருக்கு” என்றார்.

அதே கேசட்டில் இரைச்சலைக் குறைக்கும் வேலையையும் செய்து பார்த்தேன். இதற்கு, பேச்சில்லாத சில விநாடிகளைத் தேர்ந்தெடுத்து நாய்ஸ் ரிடக்ஷன் எபெக்டில் கெட் நாய்ஸ் ப்ரொபைல் கிளிக் செய்திட வேண்டும். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து எபெக்டை மீண்டும் திறந்து ஓகே கொடுக்க வேண்டும். 6 டெசிபல் குறைத்தால் கேட்க இதமாக இருக்கிறது. 20 கொடுத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது. அதோடு, ஏ.சி. மெஷின் உறுமலும், பின்னால் அறைக்காரர்கள் மெல்லப் பேசிக் கொள்வதும் போய்விடுகின்றன. அப்பா அந்த அறையில் எப்படி வாழ்ந்தார் என்று எங்களுக்குத் தெரிவதே அந்தச் சத்தங்களில்தான். எனவே என் கருத்து இதுதான்: பதிவு செய்த பைலை எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே ஒரு பிரதி வைத்துவிடுங்கள். சுத்தம் செய்வதெல்லாம் இன்னொரு பிரதியில் மட்டும்.

அந்த மூலப் பிரதியை வேவ் அல்லது பிளாக் பார்மட்டில் எக்ஸ்போர்ட் செய்திடுங்கள். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்றால் வேவ் பைல் நிமிடத்திற்குச் சுமார் 10 எம்.பி. பிடிக்கும், 60 நிமிட கேசட் 600 எம்.பி.யைச் சற்றுத் தாண்டும். பிளாக்கில் ஒலித் தரம் குறையாமல் இடம் மட்டும் மிச்சமாகும். உறவினர்களுக்கு வாட்ஸ் அப்பில் அனுப்ப எம்.பி.3 போதும். எக்ஸ்போர்ட் ஆடியோ விண்டோவில் பல பைல்களாகப் பிரிக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் போட்ட லேபிள்களே பைல் பெயர்களாகிவிடும். ஒரு பிரதி கம்ப்யூட்டரில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரிலிருக்கும் அண்ணன் தங்கை யாராவது ஒருவரிடம் இருக்கட்டும். கேசட் அட்டையில் எழுதியிருப்பதை இரு பக்கமும் செல்போனில் படம் எடுத்து அதே போல்டரில் போட்டுவிடுங்கள். தேதி பல நேரம் அதில்தான் இருக்கும்.

கேசட்டை என்ன செய்வது என்று கேட்கிறார்கள். தூக்கிப் போடாதீர்கள், நாளை இன்னும் நல்ல டெக் ஒன்று கையில் கிடைத்தால் மீண்டும் எடுக்கலாம். கடைசி வரை ஓட விட்டு, ரீவைண்ட் செய்யாமல் அப்படியே, பெட்டிக்குள் நிற்க வைத்து, ஸ்பீக்கருக்குத் தள்ளி வையுங்கள். வேகமாக ரீவைண்ட் செய்த நாடா ஏறுமாறாகச் சுற்றியிருக்கும். பிளேயில் ஓடி முடிந்த நாடா சமமாக இருக்கும்.

பாட்டுக் கேசட்டுகளை மட்டும் நான் பெட்டிக்குள் வைப்பதில்லை. ஒரு காலத்தில் ரிக்கார்டிங் கடையில் சீட்டு எழுதிக் கொடுத்து, பன்னிரண்டு பாட்டுகளை ஒரு 60 நிமிட கேசட்டில் பதிந்து வாங்கினோம். அந்தப் பாட்டுகள் எல்லாம் இன்று போனிலேயே இருக்கின்றன. அந்த வரிசை இல்லை. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது இன்னதுதான் என்று காது எதிர்பார்த்திருக்கும். ஞாயிறு காலை தோசை ஊற்றும்போது அடுப்படி அலமாரியில் எங்கள் டூ-இன்-ஒன் பாடும். ‘ஏ’ பக்கம் முடிந்து பட்டன் டக்கென்று எழும்பும்போது, மாவுக் கை இல்லாதவர் யாரோ அவர்தான் திருப்பிப் போட வேண்டும் என்பது வீட்டு ஏற்பாடு.